கருப்பட்டித் துலாபாரம்

நம்புதவங்க நம்புங்க, நம்பாதவங்க உள்ள போயிப் பாருங்க, எங்க வடலிக்குளத்து சந்தனமாரியம்மன் கோயில் மண்டபத்துல அந்தத் தராசு இன்னும் தொங்கிக்கிட்டுத்தான் இருக்கு. கோயில் வாசல்ல தேங்கா பழக் கடை என்னோடது, என் பேரு தாயம்மா, அர்ச்சனைத் தட்டு ஒண்ணு வாங்குனா நானே கூட வந்து காட்டுவேன். தட்டும் வாங்காம, செருப்பையும் என் கடைக்கு முன்னால விட்டுட்டு, கதை மட்டும் கேக்க வாறவங்களுக்கு நான் வாயைத் தொறக்கதில்ல. நீங்க பாவம், வெயில்ல வந்திருக்கிய, சொல்லுதேன்.

எங்க ஊர்ல வெள்ளைச் சீனிதான் விஷம், கருப்பட்டி மருந்து. இதை ஊருக்குச் சொல்லிக்குடுத்தது லிங்கத்துரை அண்ணாச்சி. பஸ்ஸ்டாண்டு முக்குல அவியளுக்குக் கருப்பட்டி மண்டி, மண்டி வாசல்ல ஆள் உயரத்துக்கு போர்டு, போர்டுல அவிய அப்பா படம் மீசையோட, படத்துக்குக் கீழ ‘கருப்பட்டி தின்ன பரம்பரை, சர்க்கரை நோய் அறியாத பரம்பரை’ன்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கும். கருப்பட்டிக் காப்பி குடிச்சா சர்க்கரை வராது, வந்தாலும் போயிரும், போறப்போ மன்னிப்பும் கேட்டுட்டுப் போகும்ன்னு அண்ணாச்சி சொல்லுவாவ, நாங்களும் தலையை ஆட்டிட்டு ஆளுக்கு ஒரு சிப்பம் வாங்கிட்டு வருவோம்.

அவிய குடும்பத்துல யாருக்கும் சர்க்கரை கெடையாதுங்கது சத்தியமான வார்த்தைதான், விபத்து மட்டுந்தான் உண்டு. போர்டுல மீசையோட சிரிக்கிற பெரியவருக்குக் கடைசிக் காலத்துல முழங்காலுக்குக் கீழ கால் இல்ல, கேட்டா பனங்காட்டுல முள்ளு குத்திட்டும்பாவ, ஒரு முள்ளுக்கு ஒரு கால். அவர் தம்பிக்குக் கண்ணு தெரியாது, சுண்ணாம்பு தெறிச்சதாம், ரெண்டு கண்ணுலயும் ஒரே நேரத்துல, குறி பாத்துத் தெறிச்சிருக்கு. இன்னொருத்தருக்குக் கிட்னி போச்சு, கெணத்துத் தண்ணி ஒத்துக்கிடலியாம், அதே கெணத்துலதான் ஊரே குடிச்சுச்சு. அண்ணாச்சியோட அக்கா பூங்கனி வீட்டு ஃபிரிட்ஜுல மாவுச் சட்டிக்குப் பின்னால சின்னச் சின்னக் குப்பியா மருந்து இருக்கும், கேட்டா கோழிக்குத் தடுப்பூசிம்பா, அந்த வீட்டுல கோழியே கெடையாது பாத்துக்கிடுங்க.

எங்களுக்கு இதெல்லாம் தெரியாதான்னு கேட்டா, தெரியும். தெரியும்னு சொல்லமாட்டோம், அவ்வளவுதான். சொன்னா அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கட்ட ஆள் வராது, அந்த வீட்டுல வாழப் போனது நம்ம வீட்டுப் பொண்ணா இருக்கும், நம்ம வீட்டுக்கு வந்தது அவங்க வீட்டுப் பொண்ணா இருக்கும். எங்க ஊர்ல சொந்தமில்லாத ஆளைக் கண்டுபிடிக்கணும்னா விளக்கு வச்சுத்தான் தேடணும்.

அப்பிடியாப்பட்ட பரம்பரையில அண்ணாச்சிக்கு ஒரே மக, அம்மன் பேரையே வச்சு சந்தனமாரி. பொறந்தப்போ கொழுக்கு மொழுக்குன்னு இருந்தா, ஊரே கை மாத்திக் கை மாத்திக் கொஞ்சுச்சு, மண்டிக்கு வாறவங்க ஆளாளுக்கு ஒரு துண்டுக் கருப்பட்டியை வாயில திணிச்சாவ, தின்னுதா பாரு ராசாத்தின்னு சிரிச்சாவ. அதே பிள்ள வயசுக்கு வந்தா, சடங்கு வீட்டுப் பந்தலைக் கூடப் பிரிக்கல, அதே ஊரு ‘ஏட்டி, என்னத்தத் தின்னு இப்பிடி இருக்க’ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டு. பத்தாம் வகுப்புக்கு வந்தப்போ யூனிபார்ம் துணி ரெண்டு பிள்ளைக்கு எடுக்கதை இவ ஒருத்திக்கு எடுத்தாவ. அவ கூடப் படிக்கிற பிள்ளைக எல்லாம் பள்ளிக்கூடத்து வாசல்ல பானிபூரி, ஐஸ், முறுக்குன்னு இவளைவிட ரெண்டு மடங்கு தின்னுட்டு ஈர்க்குச்சி மாதிரி போவாளுவ, இவ வெறும் தண்ணியைக் குடிச்சாலும் சட்டை இறுகும்.

அதோட கழுத்தைச் சுத்தி ஒரு கருப்பு. பின்கழுத்துல, மடிப்புக்கு மடிப்பு, கரியைத் தொட்டுத் தேச்ச மாதிரி, கொஞ்சம் தடிப்பா இருக்கும். அவ அம்மா ஜெயசெல்வி அதை அழுக்குன்னு நெனைச்சு எலுமிச்சம்பழம், கடலை மாவு, பீர்க்கங்காய் நாருன்னு ஒண்ணு விடாம தேய்ப்பா, பிள்ள கத்தும், தோலு உரியும், கருப்பு போகாது. பிள்ள குளிக்கமாட்டா போலன்னு தெருவுல பேச்சு வேற. அக்குள் பக்கமும் அதே கருப்பு இருக்குன்னு அந்தப் பிள்ள யாருக்கும் காட்டல, எங்க காட்ட, காட்டுனா அங்கயும் நாரைக் கொண்டு வருவாவ.

ஒருநாள் பள்ளிக்கூடத்துல மயங்கி விழுந்தாளேன்னு கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாவ. நானும் அன்னைக்கு முட்டு வலிக்கு மாத்திரை வாங்க வரிசையில உக்காந்திருந்தேன். டாக்டர் ரூமுக்குக் கதவு பேருக்குத்தான், உள்ள தும்முனா வெளிய நாங்க நூறாயிசும்போம், அதனால உள்ள பேசுனது வரிசையில இருந்த எல்லாருக்கும் கேட்டுச்சு. டாக்டர் பெனிட்டா சின்ன வயசுப் பிள்ளைதான், ஆனா குரல் கணீர்னு இருக்கும்.

“இது அழுக்கு இல்லம்மா, இனிமே தேய்க்காதீங்க” அப்பிடின்னாவ முதல்ல. “சாப்பாட்டுல இருக்க சர்க்கரையை உடம்புக்குள்ள ஏத்துறதுக்கு இன்சுலின்னு ஒண்ணு சுரக்குது. இவளுக்கு அது நிறையவே சுரக்குது, உடம்புதான் அது சொல்லறதைக் கேக்க மாட்டேங்குது. வாசல்ல ஒருத்தன் நின்னு கூப்பிடுறான், உள்ள இருக்கறவனுக்குக் காது மந்தம்னு வைங்க. அவன் இன்னும் சத்தமாக் கூப்பிடுறான். அந்தக் கூப்பாடுதான் கழுத்துல கருப்பாத் தெரியுது. ஒருநாள் கத்திக் கத்தி அவன் தொண்டை கட்டிரும், அன்னைக்கு அதுக்குப் பேரு சர்க்கரை நோய்.”

“எல்லாம் வாய்தான் டாக்டர்” அப்பிடின்னாவ அண்ணாச்சி. “வாயைக் கட்டுன்னா கேக்கமாட்டா.”

“வாய் மட்டும் இல்லங்க. சாப்பாடும் உண்டு, ஓடியாடாம இருக்கதும் உண்டு. ஆனா சில குடும்பத்துல இந்தக் காது மந்தம் பொறப்புலயே கூட வரும், ரத்தத்துல எறங்கி எறங்கி வரும். அது தெரிஞ்சாத்தான் இவளை எவ்வளவு அவசரமாப் பாக்கணும்னு நான் முடிவு பண்ண முடியும். உங்க குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை இருக்கா?”

வரிசையில இருந்த நாங்க எல்லாரும் கையில இருந்த சீட்டைக் குனிஞ்சு பாத்தோம். 

“எங்க பரம்பரையிலயா?” அண்ணாச்சி சிரிச்சாவ. “ஒருத்தருக்கும் கெடையாது டாக்டர். நாங்க கருப்பட்டிக் குடும்பம்.”

டாக்டர் சாப்பாட்டை மாத்தச் சொன்னாவ, தெனம் நடக்கச் சொன்னாவ, பிள்ளைக்குத் தனியா ஒரு சமையல் வைக்காதிய, வீடு முழுக்க ஒரே சாப்பாட்டுக்கு மாறணும்னாவ. வீடு முழுக்க மாறணும்ன்னதுந்தான் வீட்டுல எல்லாருக்கும் அம்மன் ஞாபகம் வந்துச்சு. மக எடைக்கு எடை கருப்பட்டி துலாபாரம் குடுக்கதா நேந்துக்கிட்டாவ, அவ மெலியணும்னு. மெலிஞ்ச பெறவு குடுக்கேன்னு நேந்திருந்தா கருப்பட்டியாவது மிச்சம், அண்ணாச்சி வியாபாரி இல்லியா, அட்வான்ஸ் குடுத்தாத்தான் வேலை நடக்கும்னு நெனைச்சுட்டாவ.

ஒரு வெள்ளிக்கெழமை காலையில மேளம் முழங்க சந்தனமாரியைப் பட்டுப்பாவாடை கட்டி ஒரு தட்டுல உக்காத்தி வச்சாவ, எதிர்த்தட்டுல கருப்பட்டியை அடுக்குனாவ. மொதல்ல ஒரு சிப்பம், பெறவு ரெண்டு, பெறவு வண்டியில இருந்தது பூரா. தட்டு மேலேயே நின்னுச்சு. மண்டியில இருந்து அள்ளிட்டு வந்து கூரையைத் தொடுற அளவுக்கு அடுக்குனாவ, அடுக்குன ஆளுகளுக்கு முதுகு ஒடிஞ்சுச்சு, தட்டு ஒரு நெல்லுமணி அளவுக்குக்கூட எறங்கல, காத்துல காயப்போட்ட துணி மாதிரி லேசா ஆடிக்கிட்டு நின்னுச்சு. பூசாரி மந்திரத்தை ரெண்டு தரம் சொல்லிப் பாத்தாரு. சரி போதும்மா, எறங்குன்னதும் பிள்ள எந்திரிச்சா, தட்டும் கூடவே எந்திரிச்சுச்சு, அவ உடம்போட பொறந்தது மாதிரி. திரும்ப உக்காந்துட்டா. நேர்ச்சை நிறையாம எறங்க முடியாது, அம்மன் கணக்கு அப்பிடித்தான்னு பூசாரி சொன்னாரு, அதுவும் சரிதான்னு நாங்க வீட்டுக்குப் போயி சோறு பொங்குனோம்.

மறுநாள்ல இருந்து எங்க ஊருக்கு நேரம் போனதே தெரியல. பிள்ளைக்கு மண்டபத்துலயே சேலையைக் கட்டி மறைப்பு வச்சோம், குளிக்கதும் மத்ததும் எப்பிடின்னு கேக்காதிய, அதெல்லாம் பொம்பளைய நாங்க பாத்துக்கிட்டோம். பள்ளிக்கூடத்துல இருந்து கணக்கு டீச்சர் சாயங்காலம் வந்து பாடம் எடுத்தாவ, நிறுத்தல் கணக்கு வந்தா மட்டும் பக்கத்தைத் திருப்பிருவாவ, அவ்வளவு நல்ல மனசு. வெளியூர்ல இருந்து வேன் வச்சு சனம் வந்துச்சு, செல்போனைத் தூக்கிப் பிடிச்சு படம் எடுத்துச்சு. வந்தவங்க எல்லாம் தட்டுக்கு முன்னால தன் பிள்ளையை நிப்பாட்டி, “பாத்தியா, வாயைக் கட்டலன்னா நாளைக்கு நீயும் இப்பிடித்தான்” அப்பிடின்னு சொல்லிட்டு, வெளிய வந்து அதே பிள்ளைக்கு ஐஸ் வாங்கிக் குடுத்தாவ. என் கடையில தேங்கா தட்டுப்பாடு வந்துட்டு.

வாறவங்க எல்லாம் ஆளுக்கு ஒரு வைத்தியம் கொண்டு வந்தாவ. கொள்ளுத் தண்ணி, எலுமிச்சம்பழத் தேனு, வெறும் வயித்துல வெண்டைக்கா ஊறின தண்ணி, மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு சூரியனைப் பாக்கது. உக்காந்த எடத்துல இருந்து எந்திரிக்க முடியாத பிள்ளைகிட்ட வந்து “காலையில நடக்கணும் பாத்துக்க” அப்பிடின்னு சொல்லிட்டுப் போன ஆளுக கோடி. சொன்னவங்க எல்லாம் என் கடைக்கு எதுக்க ஆட்டோ பிடிச்சுத்தான் வீட்டுக்குப் போனாவ.

இதுல அம்மனே தலையில கை வச்சிருப்பா, அப்பிடி ஒரு கூத்து நடந்துச்சு. தட்டை எறக்க ஆளுக்கு ஒரு கருப்பட்டி போடுங்கன்னு தர்மகர்த்தா சொன்னாரு. போட்ட கருப்பட்டி நேர்ச்சைப் பொருள் இல்லியா, வீணாப் போகலாமா, தெனம் காலையில அதுல இருந்து எடுத்துச் சர்க்கரைப் பொங்கல் வச்சாவ. பொங்கல் வச்சா முதல் பிரசாதம் யாருக்கு, நேர்ச்சைக்காரிக்கு. பிரசாதத்தை வேண்டாம்னு சொல்லலாமா, சொல்லக்கூடாது. ஆக, பிள்ள மெலியணும்னு வந்த கருப்பட்டியை நெய் விட்டு, முந்திரி போட்டு, தெனம் அந்தப் பிள்ள வாயிலயே ஊட்டுனோம். ஊட்டிட்டு, “ஏன் இன்னும் மெலியல?” அப்பிடின்னு அவளையே கேட்டோம்.

பாட்டில் மோரு கொண்டு போயி நான் அவ பக்கத்துல உக்காருவேன். ஒருநாள் மத்தியானம் கூட்டம் இல்ல, கேட்டேன்.

“ஏ பிள்ள, ஒனக்குக் கோவமே வராதா? ஊரே ஒன் வாயைத்தான் பேசுது.”

“அதனாலதான் தாயம்மாக்கா, வாயைத் தொறக்காம இருக்கேன்.” சிரிச்சா. சிரிச்சிட்டு மெதுவாச் சொன்னா, “அப்பா சட்டைப் பையில இருக்கது எனக்குத் தெரியும்க்கா. சின்னப் பிள்ளையில இருந்தே தெரியும். மண்டியில விளக்கு ஏத்தும்போது சாமி படத்துப் பக்கம் திரும்பி நின்னு மாத்திரையை முழுங்குவாவ. தண்ணி கூடக் குடிக்கமாட்டாவ, தண்ணி குடிச்சா கணக்கப்பிள்ளை பாத்துருவாருல்லா.”

“அப்போ சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!”

“சொன்னா மண்டியை மூடணும். பூங்கனி அத்தை மகளுக்கு வந்திருக்க சம்பந்தம் முறிஞ்சுரும். நான் ஒருத்தி உக்காந்திருந்தா யாருக்கும் ஒண்ணும் முறியாது.” பாவாடையில ஒரு நூலைப் பிரிச்சுக்கிட்டே இருந்தா. “அப்பா டாக்டர்கிட்ட கெடையாதுன்னு சொன்னப்போ என் முகத்தைப் பாக்கல. எனக்கு அதுதான்க்கா...”  எனக்கு அந்த நிமிசமே மண்டிக்குப் போயி அண்ணாச்சி சட்டையைப் பிடிச்சு உலுக்கணும் போல இருந்துச்சு, ஆனா பிள்ள என் கையைப் பிடிச்சுக்கிட்டா, யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அம்மன் பக்கம் காட்டிச் சத்தியம் வாங்கிட்டா.

டாக்டர் பெனிட்டா செருப்பைக் கழட்டிட்டு மண்டபத்துக்கே வந்து ரத்தம் எடுத்துட்டுப் போனாவ. பொங்கல் தூக்குச்சட்டியைப் பாத்துட்டு அவிய போட்ட சத்தத்துல புறாவெல்லாம் பறந்துச்சு. பெறவு அண்ணாச்சியைத் தனியாக் கூப்பிட்டாவ, தனியான்னா எங்க எல்லார் முன்னாலயும். “இன்னும் சர்க்கரை ஆகல. ஆனா வாசல்படியில நிக்குது. இப்போ பிடிச்சா திருப்பிக் கொண்டு வந்துரலாம், இந்த வயசுல நல்லாவே முடியும். அடங்காத தாகம் எடுத்துச்சுன்னா ஒரு நிமிசம் தாமதிக்காதீங்க. கடைசியாக் கேக்கேன், குடும்பத்துல யாருக்காவது?” அண்ணாச்சி வாயைத் தொறந்தாவ, பக்கத்துல பூங்கனி நின்னா, பூங்கனி பக்கத்துல வரப்போற சம்பந்தி நின்னாரு. “கெடையாது டாக்டர்” அப்பிடின்னாவ.

டாக்டர் சத்தம் போட்டுட்டுப் போனதுல பொங்கல் நின்னுருச்சுன்னு நெனைக்காதிய, மறுநாள் நெய்யை மட்டும் கொஞ்சம் கொறைச்சாவ.

அப்பிடியே கோயில் கொடை வந்துச்சு, எங்க ஊருத் திருவிழா. மேளம், வில்லுப்பாட்டு, தெரு முழுக்க டியூப்லைட்டு, கருப்பட்டி குடுத்த வள்ளல்னு லிங்கத்துரை அண்ணாச்சிக்குத் தலையில பரிவட்டம். காலைப் பூசை முடிஞ்சு வழக்கம்போல முதல் பொங்கலை சந்தனமாரிக்கு நீட்டுனாவ. பிள்ள முகம் வெளிறி இருந்துச்சு. பொங்கலைத் தொடல.

“எப்பா” அப்பிடின்னா. “தாகமா இருக்குப்பா.”

செம்புல தண்ணி குடுத்தாவ, ஒரே மூச்சுல குடிச்சா. இன்னும்ன்னா. இன்னொரு செம்பு குடுத்தாவ. இன்னும்ன்னா. குடத்தையே தூக்கிக் குடுத்தாவ, அதையும் கவுத்துட்டு, நாக்கை உதட்டுல தடவிக்கிட்டு, இன்னும் தாகமா இருக்குப்பான்னா. மேளக்காரனுக்குக் கூட கை நின்னுருச்சு. தண்ணி குடிச்சாலும் அடங்காத அந்தத் தாகம் எப்பிடி இருக்கும்னு அந்த மண்டபத்துல அண்ணாச்சிக்குத் தெரியாட்டா வேற யாருக்குத் தெரியும்? அவிய மறுபடியும் செம்பை நிரப்பிக் குனிஞ்சு குடுக்கும்போது சட்டைப் பையில இருந்து மாத்திரை அட்டை நழுவி, எதிர்த்தட்டுல கருப்பட்டிக் குவியல் மேல விழுந்துச்சு.

டங்குன்னு சத்தம். தட்டு ஒரு முழம் எறங்கிட்டு.

மண்டியே காலியாக் கொண்டு வந்து கொட்டியும் அசையாத தட்டு, ஒரு மாத்திரை அட்டைக்கு எறங்கிட்டு. அண்ணாச்சி பதறிப்போயி அட்டையை எடுத்துப் பைக்குள்ள போட்டாவ, தட்டு மறுபடியும் மேல போயிட்டு. இதை ஊரே பாத்துச்சு. பாத்த மறு நிமிசம் ஊரே கூரையைப் பாத்துச்சு, தூணைப் பாத்துச்சு, தர்மகர்த்தா தன் விரல் நகத்தைப் பாத்தாரு, அவ்வளவு நாகரிகமான ஊரு எங்க ஊரு.

சந்தனமாரிதான் மெதுவாச் சொன்னா, பக்கத்துல நின்னதால எனக்குக் கேட்டுச்சு. “பையை நல்லா மூடிக்கிடுங்கப்பா. சம்பந்தி வீட்டுக்காரங்க பாக்காவ.”

அந்த வார்த்தையிலதான் மனுசன் உடைஞ்சாவ. தாகத்துல நாக்கு ஒட்டிக்கிட்டு இருக்க பிள்ள, அப்பன் நோயை மறைக்கச் சொல்லுதாளேன்னு இருந்திருக்கும். தலையில இருந்த பரிவட்டத்தைக் கழட்டி எறிஞ்சாவ, அட்டையை எடுத்து எல்லாரும் பாக்கத் தூக்கிப் பிடிச்சாவ. “எனக்குச் சர்க்கரை இருக்கு” அப்பிடின்னு கத்துனாவ. “இவ பொறக்கும் முன்னால இருந்தே இருக்கு. எங்க அப்பாவுக்குக் கால் போனது முள்ளால இல்ல. சித்தப்பாவுக்குக் கண்ணு போனது சுண்ணாம்பால இல்ல. எம்பிள்ளைக்கு நான் குடுத்த வெனை இது, அவ வாய் இல்ல!” சொல்லிட்டுத் தட்டுல போட்டாவ. தட்டு எறங்குச்சு. பிள்ள இருந்த தட்டு தரையை விட்டு எந்திரிச்சு நின்னுச்சு.

ஜெயசெல்வி ஓன்னு அழுதுக்கிட்டு மக கழுத்தைத் தடவுனா. “எத்தனை தேய்ப்புத் தேச்சேன் எம்மக்கா, எப்பிடி வலிச்சிருக்கும்” அப்பிடின்னு அந்தக் கருப்புலயே முகத்தை வச்சுக்கிட்டா. பூங்கனி சம்பந்தியைப் பாத்தா, தம்பியைப் பாத்தா, தட்டுல இருந்த பிள்ளையைப் பாத்தா. பெறவு சேலை முடிச்சுல இருந்து ஒரு குப்பியை எடுத்து, “எங்க வீட்டுல கோழி கெடையாது” அப்பிடின்னு சொல்லிட்டுத் தட்டுல வச்சா. தட்டு இன்னும் எறங்குச்சு. சம்பந்தி கல்யாணத்தை நிறுத்தப்போறாருன்னு நாங்க எல்லாரும் ஆவலாப் பாத்துக்கிட்டு இருந்தோம், அவரு வேட்டி மடிப்புல இருந்து தன்னோட அட்டையை எடுத்தாரு.

அவ்வளவுதான், வரிசை கட்டிட்டாவ. ரவிக்கையில இருந்து, மணிபர்ஸுல இருந்து, வெத்தலைப் பெட்டியில இருந்து, ஒரு ஆளு தொப்பியில இருந்து கூட அட்டை வந்துச்சு. தர்மகர்த்தா அம்மன் பீடத்துக்கு அடியில கையை விட்டு எடுத்தாரு. சொந்தக்காரன் சொந்தக்காரனைப் பாத்து, “ஒமக்குமாவே?” அப்பிடின்னு கேக்க, இவன் அவனைப் பாத்து அதையே கேக்க, ரெண்டு பேரும் ஒரே கடையில ஒளிஞ்சு ஒளிஞ்சு வாங்குனது அப்பதான் தெரிஞ்சுச்சு. நான் மட்டும் சும்மா இருப்பனா, என் முட்டு வலி மாத்திரையைப் போட்டேன், தட்டு கண்டுக்கிடவே இல்ல. அம்மனை ஏமாத்த முடியாது.

கருப்பட்டியை எல்லாம் எறக்கிப் பாத்தாவ. வெறும் அட்டையும் குப்பியுமா ஒரு கைப்பிடிதான் இருந்துச்சு, அதுக்கும் பிள்ளைக்கும் தராசு முள்ளு நேரா நின்னுச்சு. சந்தனமாரி எறங்குனா. தட்டு அவ கூட வரல. பூசாரி பழக்கதோசத்துல பொங்கலை நீட்டுனாரு, அண்ணாச்சி அந்த இலையை வாங்கி அவருகிட்டயே திருப்பிக் குடுத்து, “அவளுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்” அப்பிடின்னாவ. எங்க ஊர் சரித்திரத்துலயே பிரசாதத்தை வேண்டாம்னு சொன்ன மொத ஆளு ஒரு கருப்பட்டி வியாபாரி.

அப்பிடியே கொடை மேளத்தை விட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போனோம், வேன் பிடிச்சு, ஊரோட. டாக்டர் பெனிட்டா ரத்தத்தைப் பாத்தாவ, எல்லைக் கோட்டைத் தொட்டுட்டு நிக்கு, இன்னும் தாண்டல, இழுத்துப் பிடிச்சுரலாம்னாவ. பெறவு பழைய கேள்வியையே கேட்டாவ. கதவுக்கு வெளிய வரிசையில இருந்த எங்களுக்கு எல்லாம் கேட்டுச்சு.

“உங்க குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை இருக்கா?”

அண்ணாச்சி எந்திரிச்சு வந்து கதவை நல்லா அகலமாத் தொறந்து விட்டாவ. வராண்டா முழுக்க நாங்க உக்காந்திருந்தோம். டாக்டர் எங்களைப் பாத்தாவ, ஒவ்வொருத்தராக் கீழ குனிஞ்சோம்.

இப்போ மண்டி போர்டுல ரெண்டாவது வரியை அழிச்சிட்டாவ. ‘கருப்பட்டி தின்ன பரம்பரை’ன்னு மட்டும் இருக்கு, அதுல பொய் ஒண்ணும் இல்லியே. சாயங்காலமானா அப்பாவும் மகளும் அத்தையும் குளத்தங்கரையில நடப்பாவ, அவங்களுக்குப் பின்னால சம்பந்தியும் நடப்பாரு, அவருக்குப் பின்னால தர்மகர்த்தா. கோயில்ல பொங்கல் வேணுமான்னு இப்பல்லாம் கேட்டுட்டுத்தான் குடுக்காவ. பழைய வைத்தியம் சொன்ன ஆளுகளும் நிறுத்தல, சொல்லிக்கிட்டுத்தான் இருக்காவ, ஆனா ஆட்டோ பிடிக்காம நடந்து போயிச் சொல்லுதாவ.

ஆனா அன்னைக்கு ஆஸ்பத்திரியில நடந்ததைச் சொல்லாம விட்டா இந்தக் கதைக்கு அர்த்தம் இல்ல. நர்ஸம்மா பிள்ளையை எடை பாக்கக் கூப்பிட்டாவ. மிசினைப் பாத்ததும் பிள்ள ஒரு அடி பின்னால வச்சா, அண்ணாச்சி கைநீட்டினாவ, வேண்டாம்னுட்டா. மிசின்ல ஏறுனா. எடை அதேதான், துலாபாரத்துக்கு மொதல் நாள் இருந்த அதே எடை, ஒரு கிராம் கூடக் கொறையல. பாத்தா, நர்ஸம்மாவைப் பாத்துச் சிரிச்சா, எறங்கி வந்து எங்க கூட பெஞ்சுல உக்காந்துட்டா.